ஒப்பீட்டுக்கு வைத்த தட்டு

“தொண்ணூறு லட்சமா? ஒரு சைபர் கூட விழுந்திருக்கும், நல்லாப் பாரு.”

“பார்த்துட்டேன் அக்கா. சரியாத்தான் இருக்கு.”

“வருஷத்துக்கா?”

“வருஷத்துக்குத்தான்.”

அக்கா என் கையிலிருந்த தாளை வாங்கி, கள்ள நோட்டா என்று பார்ப்பது போல விளக்குக்கு நேரே பிடித்தார். எங்கள் சுகாதார அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் வரும் அறிக்கைகளை, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சுவரொட்டியில் படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் எழுத வேண்டும். அன்று டைபாய்டு பற்றி எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முன் கீழே பரிசோதனைக்கூடத்து அக்காவிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

“செத்தவங்க எத்தனை பேர்னு போட்டிருக்க?”

“ஒரு லட்சத்துக்கும் மேல.”

“யாரு எவருன்னு போட்டிருக்காங்களா?”

“குழந்தைங்கதான் அதிகமாம். முக்கியமா பள்ளிக்கூடம் போற வயசு. நல்ல தண்ணியும் ஒழுங்கான கழிப்பிடமும் இல்லாத இடங்கள்ல.”

அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தார். “என் தம்பி பள்ளிக்கூடம் போகல. அடுத்த வருஷம் சேர்க்கிறதா இருந்தாங்க. பை மட்டும் வாங்கியாச்சு.”

நான் தாளை நாலாக மடித்தேன்.

“ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் ஜுரம் வந்துச்சு. ஒரே பாயில படுத்திருந்தோம். நான் எழுந்துட்டேன். அவன் எழுந்திரிக்கல.” கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார். “அது என்னதான்னு பார்த்துடணும்னுதான் இந்த வேலைக்கு வந்தேன்னு சொன்னா கேக்க நல்லா இருக்கும். நிஜம் என்னன்னா, வேலை கிடைச்சுது, வந்தேன். பார்க்கிறியா?”

“எதை?”

“உன் தொண்ணூறு லட்சத்தை. வா இப்படி.”

மைக்ராஸ்கோப் முன்னால் என்னை உட்கார வைத்தார். முதலில் என் இமை முடிகள்தான் தெரிந்தன. பிறகு வெளிச்சத்தின் நடுவே சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் துடித்து ஓடியது, நின்றது, உருண்டது, வேறு திசையில் மறுபடி ஓடியது. எங்கோ அவசரமாகப் போகிறவர்களைப் போல இருந்தன.

“உயிரோட இருக்கா?”

“பின்னே? நீந்துது பார். ஆஸ்பத்திரி வார்டுல ஒரு பையன் ரத்தத்துலேருந்து வளர்த்தது. மனுஷ உடம்பைத் தவிர இதுக்கு உலகத்துல வேற வீடே கிடையாது, தெரியுமா? ஆட்டுல இருக்காது, கோழியில இருக்காது, பறவையில இருக்காது. நம்மகிட்டதான். ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தர்னு கைமாறிக் கைமாறி வந்திருக்கு.”

நான் கண்ணை எடுக்கவில்லை. மேலே என் மேசையில் நான் தட்டெழுதிய எண் ஒரு வரியில் அடங்கிவிட்டிருந்தது. இங்கே ஒரு துளிக்குள் அது நீந்திக்கொண்டிருந்தது.

“சரி வாயாடி, போதும். கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு மேல போ. பழம் வெட்டி வெச்சிருக்கேன், டப்பா டெஸ்பாட்ச் சார் மேசையில இருக்கு. அந்த ஆள் காலி பண்றதுக்குள்ள ஓடு.”

நான் அதிகம் பேசாதவள் என்பதால் அந்தப் பெயர். அலுவலகத்தில் எல்லாருக்கும் அக்கா ஒரு பெயர் வைத்திருந்தார். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது: தட்டு அக்கா. கிருமி வளர்க்கும் வட்டமான கண்ணாடித் தட்டுகளோடுதான் அவருடைய நாள் போகும். காலையில் வந்ததும் பையைக்கூட வைக்காமல், கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து, “என்ன, எழுந்துட்டீங்களா எல்லாரும்?” என்று கேட்பார். ஒன்றும் முளைக்காத தட்டை “சமர்த்து” என்பார். முளைத்ததை “வாங்க துரை” என்பார். மின்சாரம் போனால் பெட்டியைப் பழைய கம்பளியால் போர்த்திவிட்டு, ஜெனரேட்டர் ஓடும் வரை அதன் பக்கத்திலேயே நிற்பார்.

பரிசோதனைக்கூடம் ஒரு நீள அறை. ஒரு பக்கம் கழுவுதொட்டி, அதன் மேல் எப்போதும் சொட்டும் குழாய். எதிர்ச்சுவரில் நாலு ஜன்னல்கள் இருந்தன. தூசு வரும் என்று அவற்றில் மூன்றை அக்கா திறக்க விடமாட்டார். வேகவைத்த பருப்புத் தண்ணீர் ஆறிப்போனது போல ஒரு வாசனை அந்த அறையில் எப்போதும் இருக்கும். தட்டுகளில் ஊற்றும் கூழின் வாசனை அது. அந்த அறைக்குள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட அவர் யாரையும் அனுமதித்ததில்லை.

வீட்டில் அம்மா, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவர், பள்ளி இறுதி வகுப்பில் ஒரு மகள். காலையில் எல்லாரும் கிளம்பும் அவசரத்தில் நின்றுகொண்டே பழம் வெட்டுவார். வீட்டுக்கு ஒரு டப்பா, அலுவலகத்துக்கு அதைவிடப் பெரிய டப்பா. மேல்மாடிக் கூடத்தில் பதினோரு மணி வாக்கில் அது திறக்கும். தபால் பிரிவில் இருந்த டெஸ்பாட்ச் சார் முதல் ஆளாக வந்து நிற்பார்.

“வீட்டுல எனக்கு இப்படி ஒரு நாள் வெட்டிக் குடுத்திருப்பாளா?”

“நீங்க ஒரு நாள் அவங்களுக்கு வெட்டிக் குடுத்தீங்களா சார்?”

“அதெல்லாம் எதுக்கு இப்போ? பப்பாளி இருந்தா இன்னும் ரெண்டு போடுங்க.”

அலுவலக ஜீப் ஓட்டும் டிரைவர் அண்ணன் தன் பங்கைச் சாப்பிடமாட்டார். ஒரு தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார். முதல் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் வாசலிலேயே காத்திருப்பாளாம். “பழம் எங்கேன்னுதான் கேக்குது. அப்பா எங்கேன்னு கேக்கிறதில்ல,” என்பார்.

காய்ச்சல் முதலில் டெஸ்பாட்ச் சாருக்கு வந்தது. ஒரு வாரம் மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்கு வந்தார். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாக, படி ஏறுவது போலக் காய்ச்சல் ஏறியது. பிறகு ஆளே வரவில்லை. அடுத்து பயிற்சிக்கு வந்திருந்த ஒரு நர்ஸ் பெண் படுத்தாள். அதன் பிறகு டிரைவர் அண்ணன் மகள். குழந்தையை வார்டில் சேர்த்தபோது நாக்கு வெளுத்து, வயிறு உப்பி, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாள் என்று அண்ணன் சொன்னார். சொல்லும்போது ஜீப் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேருடைய ரத்தமும் அக்காவிடம்தான் வந்தது. மூன்றிலும் அதுவே வளர்ந்தது. தட்டில் மிளகைத் தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள், சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் ஒரு ஈய மினுமினுப்பு. எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்க, மருந்து ஊறிய சின்ன வட்டத் தாள்களைத் தட்டில் வைத்தார். வழக்கமாகக் கடைகளில் கொடுக்கும் மருந்தைச் சுற்றி, மருந்தே அங்கு இல்லாதது போல, கிருமி நெருக்கமாக வளர்ந்து கிடந்தது. ஊசியில் போடும் ஒரு மருந்தைச் சுற்றி மட்டும் நிலவைச் சுற்றிய கோட்டை போல வெறுமை இருந்தது. அக்கா அன்றே வார்டுக்குப் போன் செய்தார். குழந்தைக்கு மருந்து மாறியது.

மூன்று பேர் என்றால் ஏதோ ஒரு இடம் என்று அர்த்தம். அலுவலகத் தலைமை டாக்டரை நாங்கள் மேடம் என்போம். அவர் கேன்டீனைப் பூட்டச் சொன்னார். முற்றத்து ஓரத்தில் டீயும் மதியச் சாப்பாடும் போட்டுக்கொண்டிருந்த அண்ணனும் அவர் மனைவியும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் மாதிரி எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. பிறகு அவர்கள் இருவரிடமும் மலப் பரிசோதனைக்கு ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள்.

கேன்டீன் அண்ணன் அந்த டப்பாவை ஆட்டிக் காட்டினார். “பத்து வருஷமா உங்களுக்கெல்லாம் சோறு போட்டேன். கடைசியில என்கிட்ட இதைக் கேக்கறீங்களே!”

“கோபப்படாம குடுங்கண்ணே. உங்களுக்குத் துணைக்கு என்னோடதையும் வைக்கிறேன்,” என்றார் அக்கா.

அது ஆறுதலுக்குச் சொன்னதில்லை. அவருடைய வேலை முறையே அப்படி. தட்டில் ஊற்றும் கூழ்ப்பொடி புதிதாக வந்தால் அதை நம்பமாட்டார். சந்தேகப்படுகிறவர்களின் தட்டுகளோடு, நிச்சயமாக ஒன்றும் இல்லாத ஒருவருடைய தட்டும் இருக்க வேண்டும். அதில் ஒன்றும் முளைக்காவிட்டால்தான் மற்றதில் முளைப்பதை நம்பலாம் என்பார். அந்த நிச்சயமான ஆளுக்கு அவர் வேறு எங்கே போவார்? காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை, கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு. தன்னுடையதையே வைத்தார்.

இரண்டு நாள் கழித்து காலையில் நான் வேறு ஒரு தாளோடு கீழே போனபோது அக்கா பெட்டியின் கதவைத் திறந்தபடியே நின்றிருந்தார். “எழுந்துட்டீங்களா” என்ற குரல் கேட்கவில்லை.

கேன்டீன் அண்ணன் தட்டு சுத்தம். அவர் மனைவி தட்டு சுத்தம். மூன்றாவது தட்டில் கறுப்புப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தன.

“லேபிள் மாத்தி ஒட்டிட்டேன் போல,” என்றார் அக்கா.

மேடமும் அதையேதான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அக்காவின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. “அவர் தட்டு உங்க பேர்ல போயிருக்கும். சமையல் செய்றவர்கிட்ட இருக்கிறதுதானே பொருத்தமா இருக்கு? நான் அவரை அனுப்பிட எழுதிடறேன்.”

“ரெண்டு நாள் குடுங்க மேடம். திரும்பப் போட்டுப் பார்த்துடறேன்.”

“எதுக்கு? சந்தேகமா?”

“சந்தேகம் இருந்தா எழுதக் கூடாதில்லையா மேடம்.”

கேன்டீன் அண்ணனிடம் மறுபடி டப்பா போனது. “தினமும் கேட்டா தினமும் வருமா?” என்று கத்தினார். பெஞ்சில் இருந்த அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் பெஞ்சில் அந்த வாரம் கேட்ட ஒரே சிரிப்பு அது.

இந்தத் தடவை அக்கா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “நீ லேபிள் எழுது. நீயே ஒட்டு. நான் தொடமாட்டேன். மூணையும் கலக்காம பார்த்துக்க.” என்னை ஏன் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியும். என்ன முளைத்தாலும் அது என் வாயிலிருந்து வெளியே போகாது. அவர் விரும்பினால் அந்த அறையோடு போய்விடும்.

மறுபடி அந்தப் பெட்டியைத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு தட்டுகள் புதுக் கண்ணாடி போல இருந்தன. என் கையெழுத்தில் ‘அக்கா’ என்று எழுதியிருந்த தட்டு கறுத்திருந்தது.

அவர் அந்தத் தட்டை வெளியே எடுத்தார். கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தார். ஒரு புள்ளியைத் தொட்டு அதில் தடவினார். அந்தக் கிருமிக்கென்றே வைத்திருக்கும் மருந்தில் ஒரு துளி விட்டு லேசாகச் சாய்த்தார். வேறு ஏதாவது கிருமி என்றால் கலங்கல் அப்படியே இருக்கும். இது திரிந்த பால் போலத் திரண்டு நின்றது. எத்தனையோ பேருக்கு அவர் இப்படிச் செய்து, பார்த்து, எழுதி அனுப்பியதை நான் கண்டிருக்கிறேன். அன்று அந்தத் துண்டைக் கையில் பிடித்தபடி, யாரோ தெரிந்தவரைப் பல வருஷம் கழித்துத் தெருவில் பார்த்தது போல, நெற்றியைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னோடதுதான்,” என்றார்.

பிறகு தொட்டிக்குப் போய்க் கை கழுவத் தொடங்கினார். விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு. முடித்துவிட்டு மறுபடி சோப்பு எடுத்தார்.

“நான் கை கழுவாதவளா? சொல்லு. இங்க பார்த்திருக்கியே.”

“இல்லக்கா.”

“வீட்டுலயும் கழுவுறேன். சோப்பு போட்டுத்தான். ஒவ்வொரு தடவையுமான்னு கேட்டா… காலையில குக்கர் கத்தும், அவ ரிப்பன் எங்கேன்னு கத்துவா, அவரு டிபன் எங்கேன்னு கத்துவாரு.” குழாயை மூடினார். “அந்தக் குழந்தை வார்டுல கிடக்கே. பழத்தை நான்தானே தாள்ல மடிச்சுக் குடுத்தேன்.”

லேபிள் மாறிவிட்டது என்று மேடமே எழுதத் தயாராக இருந்தார். கேன்டீன் அண்ணன் போயிருப்பார். அக்கா ஏதோ சாக்குச் சொல்லிப் பழம் கொண்டுவருவதை நிறுத்தியிருந்தால் காய்ச்சலும் நின்றிருக்கும். கேன்டீன் போனதால் காய்ச்சல் போயிற்று என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள். இது எனக்கே தோன்றியது என்றால் அவருக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு மூன்று தட்டுகளையும் தட்டத்தில் அடுக்கினார். மாடிப்படி ஏறி மேடத்தின் மேசையில் வைத்தார். “மாறலை மேடம். எனக்குத்தான் இருக்கு. பழம்தான் காரணம். கேன்டீனைத் திறந்துடுங்க,” என்றார்.

மேடம் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதன் பிறகு மேடம் எங்களுக்குச் சொன்னதை நான் முன்பே மொழிபெயர்த்திருந்தேன், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னப் பத்தியாக. டைபாய்டு வந்து பிழைத்தவர்களில் நூற்றுக்குச் சில பேரின் உடம்பில் கிருமி தங்கிவிடும். பெண்களிடம் அது அதிகம். பித்தப்பையில் கல் இருந்தால், குளத்துப் பாறையில் பாசி படிவது போல அந்தக் கல்லின் மேல் படிந்துகொள்ளும். ஆளுக்கு ஒரு நோவும் இருக்காது. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கும். எழுதும்போது அந்த ‘சில பேர்’ எங்கோ வேறு நாட்டில் இருக்கிறவர்கள் என்று நினைத்திருந்தேன்.

“எப்போ வந்திருக்கும் மேடம்?” என்று அக்கா கேட்டார்.

“இதுக்கு முன்னாடி உங்களுக்கு டைபாய்டு வந்திருக்கா?”

“ஒம்பது வயசுல. ஒரு தடவைதான்.”

“அப்ப அதுவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சத்தியம் பண்ண முடியாது. இடையில, வேலை செய்யற இடத்துல, வேற ஒண்ணு வந்திருக்கலாம்.”

“முன்னாடியும் தட்டு வெச்சிருக்கேனே மேடம், ஒண்ணும் முளைச்சதில்லையே?”

“எல்லா நாளும் வெளிய வராது. ஒளிஞ்சு விளையாடும்.”

அக்கா தன் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தார். “முப்பது வருஷத்துக்கு மேல உள்ள குடியிருந்திருக்கு. ஒரு பைசா வாடகை குடுக்கல.”



அன்று மாலை துணைக்கு வா என்று என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். மாடியில் இரண்டு அறை. கூடத்துச் சுவரை ஒட்டி மகளின் மேசை, ஜன்னலில் காயும் டிப்போ சட்டை. அண்ணன், அதாவது அக்காவின் கணவர், கிரீஸ் போகாத நகங்களோடு நாற்காலியை எனக்கு நகர்த்திவிட்டு நின்றுகொண்டே கேட்டார். அக்கா முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

“கல்யாணமான வருஷம் நான் படுத்தேனே, அது?” என்றார் அவர்.

“அதுவும்தான் இருக்கும்.”

“இவ நாலு வயசுல படுத்தது?”

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். அக்கா ஆமென்று தலையை ஆட்டினார். அந்த இரண்டு காய்ச்சலுக்குப் பிறகுதான், குழாய்த் தண்ணீர் சரியில்லை என்று அந்தக் குடும்பம் பழைய வீட்டைக் காலி செய்தது என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. மோட்டார் வைத்த வீடாகப் பார், பெரிய ஃபில்டர் வாங்கு என்று அவரை வருஷம் முழுக்க விரட்டியிருந்தார் அக்கா.

கணவர் அக்காவைப் பார்த்து, “அந்தக் குழாயை என்னவெல்லாம் திட்டின! பாவம், அது ஒரு வார்த்தை திருப்பிப் பேசல,” என்றார். மகள்தான் முதலில் சிரித்தாள். அக்கா அந்தச் சிரிப்பில்தான் அழத் தொடங்கினார்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் மறுபடி சொல்லச் சொன்னார். அக்கா சொன்னார்.

“இத்தனை வருஷமா உனக்கு வலிக்கவே இல்லையா?”

“இல்லம்மா.”

“அவனுக்கு வந்துச்சே, அதேவா?”

“அதேதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதாம்மா. அதுவாத்தான் இருக்கும்னு சொல்றாங்க.”

அம்மா மடித்த துணியை மறுபடி பிரித்தார். “ரெண்டு பேரையும் ஒரே பாயில போட்டேன். ஒரே தம்ளர்ல குடுத்தேன். அவனை விட்டுட்டு உன்னோடவே வந்துடுச்சு பார்.” குரலில் கோபமோ அழுகையோ இல்லை. மழைக்கு நடுவில் வெயில் அடித்தால் ஜன்னலுக்கு வந்து பார்ப்பவர்களிடம் இருக்கும் வியப்புதான் இருந்தது. “அவனோட இருந்ததுல மிச்சம்னு என்கிட்ட அந்தப் பள்ளிக்கூடப் பை ஒண்ணுதான் இருக்குன்னு நெனச்சேன்.”

ஒரு பிள்ளையைக் கொன்ற உயிர், இன்னொரு பிள்ளைக்குள் ஒளிந்து அவளோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறது. வேலைக்கு வந்திருக்கிறது, கல்யாணம் செய்திருக்கிறது. தன் இனத்தைத் தேடித் தேடிக் கண்டுபிடிக்கும் அறையில் அவளோடு தினமும் நின்றிருக்கிறது. அவள் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, அது சத்தமில்லாமல் உள்ளே இருந்திருக்கிறது. அந்தத் தொண்ணூறு லட்சம் பேர் ஒவ்வொருவருக்கும் இப்படி யாரோ ஒருவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். கொடுத்தவருக்கும் ஒரு காலத்தில் யாரோ கொடுத்தார்கள். அந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும்?

டிரைவர் அண்ணன் மகள் வார்டில் எழுந்து உட்கார்ந்தாள். முடி கொஞ்சம் கொட்டியது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். அக்கா வார்டு வாசல் வரை போய் நின்றார், உள்ளே போகவில்லை. டிரைவர் அண்ணன் வெளியே வந்தார். “அக்கா, உள்ள வாங்க. தூரத்துல நின்னு பாருங்க. பழ அத்தை எங்கேன்னு கேக்கிறா,” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

கேன்டீன் அண்ணனுக்கு அவ்வளவு சுலபமாகக் கோபம் போகவில்லை. அடுப்பு மூட்டிய முதல் நாள் எல்லாருக்கும் டீ கொடுத்தார். அக்காவின் தம்ளரை மட்டும் தள்ளி வைத்தார். பிறகு அவரே எடுத்து வந்தார்.

“ஊரே என்னைப் பார்த்துச்சு, தெரியுமா? என் பொண்டாட்டி தண்ணி பிடிக்கப் போனா குழாயடியில வழி விட்டாங்க.”

“தெரியும்ணே.”

“நீ சொல்லாமயே இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?”

“அப்புறம் உங்க டீயை எப்படிண்ணே குடிப்பேன்?”

“பேச்சுல மட்டும் குறைச்சல் இல்ல,” என்று சொல்லிவிட்டுப் போனார். சர்க்கரை இரண்டு பங்கு போட்டிருந்ததாக அக்கா பிறகு சொன்னார். அது கோபமா அன்பா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பழ டப்பா நின்றது. வீட்டில் கணவர் சமையலுக்கு இறங்கினார். டிப்போவில் எஞ்சின் பிரிப்பவருக்கு வெங்காயம் உரிப்பது பெரும் பாடாக இருந்தது என்று மகள் சொன்னாள். வீட்டில் எல்லாரும், அலுவலகத்தில் நாங்களும், தடுப்பூசி போட்டுக்கொண்டோம். எங்கள் எல்லார் தட்டுகளையும் பார்த்தார்கள். பெரிய டப்பாவில் தினமும் சாப்பிட்ட எனக்கு ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று மேடத்தாலும் சொல்ல முடியவில்லை. அக்காவுக்கு ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஸ்கேனில் பித்தப்பைக்குள் ஒரு கல் தெரிந்தது. மாத்திரை மட்டும் போதாது, கல் இருக்கும் வரை அதன் மேல் அது இருக்கும், பையையே எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் நான் பார்க்கப் போயிருந்தேன். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். துண்டு, சீப்பு, இரண்டு நைட்டி. அவற்றின் மேல் மூடி போட்டு ஒட்டிய ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலை வைத்தார். கிருமி நீக்கி, பரிசோதனைக்கூடத்திலிருந்து கொண்டு வந்தது.

“பயமா இருக்காக்கா?”

“பயம்தான். ஆனா அதைவிட, பார்க்கணும்னு இருக்கு. தப்பா?”

தப்பில்லை என்று தலையாட்டினேன். கண்ணாடிப் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார்.

“இதைக் கேளு. எடுத்த பையையும் கல்லையும் அங்க தூக்கிப் போட்டுடுவாங்க. இல்லன்னா ஃபார்மலின்னு கிருமியைக் கொல்ற மருந்து ஊத்தி பாட்டில்ல அனுப்புவாங்க. நான் மயக்கத்துல இருப்பேன். அவரு வீட்டுல அம்மாவைப் பார்த்துக்குவாரு. நீ தியேட்டர் வாசல்ல நில்லு. கதவு திறந்ததும் நர்ஸ்கிட்ட சத்தமாக் கேளு, அக்காவோட கல் வேணும்னு. மேடத்துகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், குடுப்பாங்க. இந்த பாட்டில்ல போட்டு மூடி, அப்படியே என் பெட்டிக்குக் கொண்டு போய் வை. மாத்திரையில செத்திருந்தா தட்டு சும்மா இருக்கும், சந்தோஷம். செத்திருக்கலன்னா, கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை நான் அதைப் பார்த்துடறேன். ஃபார்மலின் மட்டும் ஊத்த விட்டுடாதே. உயிரோட கொண்டு வா.”